மரத்துப்போன அமைதி

சில சொற்கள் மொழிபெயர்ப்பவனை எளிதில் விடுவதில்லை. குழந்தை உளவியல் குறித்த ஒரு கட்டுரையைத் தமிழாக்கியபோது 'டிடாச்மென்ட்' என்ற சொல்லுக்கு என் கை தானாகவே 'பற்றின்மை' என்று எழுதிவிட்டது. மறுநாள் படித்தபோது அதை அடிக்க நேர்ந்தது.

அச்சொல் பிறந்த இடம் மருத்துவமனை. ஜான் பௌல்பியுடன் லண்டனில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனைகளில் தங்கியிருந்த சிறு குழந்தைகளைக் கவனித்தார். அந்நாட்களில் பெற்றோர் வந்து பார்க்கவே கடுமையான கட்டுப்பாடு. குழந்தை முதலில் ஓயாமல் அழும். பிறகு சோர்ந்து ஒடுங்கும். நாட்கள் நீண்டால் அமைதியாகிவிடும். கொடுத்ததை உண்ணும், யார் தூக்கினாலும் சிரிக்கும். 'பழகிவிட்டது' என்று செவிலியர் மகிழ்வர். ஆனால் தாய் வந்து நின்றாலோ முகத்தைத் திருப்பிக்கொள்ளும்! இந்த மூன்றாம் நிலைக்குத்தான் அப்பெயர். 1952-இல் ராபர்ட்சன் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மருத்துவமனை நாட்களைப் படமெடுத்துக் காட்டியபோது மருத்துவர் பலர் சினந்தனர். 1959-இல்தான் பிரிட்டனில் பிளாட் குழு, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்குமாறு பரிந்துரைத்தது.

நம் சாஸ்திரங்கள் போற்றும் பற்றின்மை நிறைவிலிருந்து எழுவது. பற்றற்றவன் அன்பு செய்ய அஞ்சுவதில்லை. அக்குழந்தையோ, நீட்டிய கை பலமுறை வெறுமையாகத் திரும்பியதால் கையை மடக்கிக்கொண்டது. வெளித்தோற்றம் ஒன்றே; அகநிலை நேர்மாறானது. 'மரத்துப்போதல்' என்று திருத்தி எழுதினேன்.

'அணைத்து வளர்த்தால் குழந்தை இடுப்பைவிட்டு இறங்காதே' என அஞ்சுவோர் உண்டு. 1954-55-இல் உகாண்டாவில் மேரி எயின்ஸ்வொர்த் தாய்மாரையும் சேய்களையும் கவனித்தபோது கண்டது வேறு. தாயை நம்பும் குழந்தை அவளைவிட்டுத் தவழ்ந்து செல்லும், புதியதைத் தொட்டுப் பார்க்கும், இடையில் அவளிடம் திரும்பி வரும், மறுபடியும் புறப்படும். புறப்படும் துணிவே அந்த அணைப்பு தந்ததுதான்.

ஆசிரமத்திற்கு வரும் ஓர் அன்னை ஒருமுறை கேட்டார்: "சுவாமிஜி, வேலைக்குக் கிளம்பும்போது மகள் அழுகிறாள் என்று அவள் பாராத நேரத்தில் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறேன். இப்போதெல்லாம் அவள் அழுவதே இல்லை. நல்லதுதானே?"

"மாலையில் திரும்பி வரும்போது என்ன செய்கிறாள்?" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "பொம்மையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்."

பிறரிடம் பொய் சொல்லக் கூசும் நாம், இரண்டு வயதுக் குழந்தையை ஏமாற்றுவதை மட்டும் கருணை என்கிறோம். முன்வாசலில் நின்று, 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுச் செல்லுமாறும், சொன்ன நேரத்தில் திரும்புமாறும் கேட்டுக்கொண்டேன். அழுவாளே என்றார். அழட்டும் என்றேன், சொல்வதற்குச் சற்றுக் கடினமாகவே இருந்தது.

இரண்டு மாதங்களுக்குப் பின் வந்தவர், காலையில் அழுகை மீண்டும் தொடங்கிவிட்டது என்றார். மாலையில் கதவுச் சத்தம் கேட்டதும் பொம்மையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாளாம்.