சரிவு வழியே

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தைத் தாண்டியதும் சாலை பிரிகிறது. இடப்பக்கம் குன்னூர், வலப்பக்கம் கோத்தகிரி. குன்னூர் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். வண்டிகள் அதைவிட அதிகம். கோத்தகிரிச் சாலை நிதானமாக மடிந்து மடிந்து ஏறும். சைக்கிளுக்கு அதுதான் தோது. ஏறத்தாழ 33 கிலோமீட்டரில் 1,400 மீட்டருக்கு மேல் உயரம். நூறு மீட்டர் உருண்டால் நாலு மீட்டரும் கொஞ்சமும் மேலே வந்திருப்போம்.

சின்னப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டுவிட்டால் நடக்கிறவனைவிடச் சற்றே முந்தலாம், அவ்வளவுதான். மூன்று மிதிக்கு ஒரு மூச்சு என்று முதலில் எண்ணிக்கொண்டு போனேன். எண்ணுகிறவன் ஓரிடத்தில் களைத்து விழுந்துவிடுகிறான். கால்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இதைத் தியானம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வேறு எதையும் நினைக்கத் தெம்பில்லாததால் வாய்த்த அமைதி. ஆனாலும் அமைதிதான்.

குஞ்சப்பனையில் பலாப் பருவத்துக்கு யானைகள் வந்துவிடும் என்பதால் அந்த வளைவுகளில் மட்டும் காது தானாகவே கூர்மையாகிறது. அரவேணுவில் டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பஸ் கிடைக்கலையா தம்பி?” என்றார்.

*

கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு ஏறிவந்தது இந்தப் பக்கமாகத்தான். கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் அவர் கட்டிய கல்வீடு இப்போது நினைவகம். நீலகிரியை அவர் கண்டுபிடித்ததாகச் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் இருளரும் இங்கேதான் இருந்தார்கள். அவர் கொண்டுவந்தது சாலையை. சாலைக்குப் பின்னால் தேயிலை, யூக்கலிப்டஸ், ரயில், கோடை விடுமுறை எல்லாம் வரிசையாக வந்தன. அந்த வரிசையின் கடைசியில் நானும் ஒரு தண்ணீர்க் குப்பியோடு வந்திருக்கிறேன்.

*

ஊட்டியில் எழுத ஒன்றுமில்லை. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். சைக்கிளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் தண்ணீர் ஏடிஎம்மில் குப்பியை நிரப்பிக்கொண்டேன். வர்க்கி கொஞ்சம் வாங்கிப் பையில் திணித்தேன். கூடலூர் போவதற்குள் பாதி தூளாகிவிட்டது.

*

பைக்காரா. 1932 முதல் மின்சாரம் கொடுத்துவரும் நீர். அணையைத் தாண்டிய பிறகு இந்த ஆறு வடக்கே சரிந்து மோயாறாகி, பவானியில் கலந்து, காவிரியோடு வங்கக் கடலுக்குப் போகிறது. இதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால், கூடலூர்ப் பக்கம் பெய்யும் மழை பாண்டியாற்றில் இறங்கி, புன்னம்புழாவாகி, சாலியாற்றில் சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகிறது. அந்த நீரைக் கிழக்கே திருப்பும் திட்டம் பல பத்தாண்டுகளாக இரண்டு மாநிலங்களின் பேச்சுவார்த்தையிலேயே கிடக்கிறது. நீர் பிரியும் இடத்தில் கோடு எதுவும் போட்டிருக்காது. மிதிப்பது எங்கேயோ லேசாகிறது. சாய்வு மாறியது கண்ணுக்குத் தெரியும் முன்பே முழங்காலுக்குத் தெரிந்துவிடுகிறது.

நடுவட்டத்துக்குப் பிறகு மிதிக்கவே வேண்டாம். ஏறும்போது தொடை வாங்கிய கடனை இறங்கும்போது பிரேக் கட்டை அடைக்கிறது. நானும் சைக்கிளும் பையுமாகக் கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோ. இந்த எடை கீழே வர வர அதன் ஆற்றல் முழுவதும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். முன் பிரேக் கொஞ்சம், பின் பிரேக் கொஞ்சம், விட்டு விட்டு. ஊசிமலையில் நிறுத்தி, ரிம் ஆறும்வரை பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்தது கால் இல்லை, விரல்கள். ஏற்றத்தில் மனம் தூங்கலாம். இறக்கத்தில் ஒரு கூழாங்கல், ஒரு ஈரத் திட்டு, எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன், இதைத் தவிர உலகமே கிடையாது. உட்கார்ந்து கண்ணை மூடிப் பழகிய எந்தப் பயிற்சியிலும் எனக்கு இந்த அளவு ஒருமுகம் கூடியதில்லை.

*

கூடலூருக்கு வெளியே ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாவின் பேச்சில் வேறொரு மலையின் வாடை. அப்பாவும் அம்மாவும் இலங்கையில் கொழுந்து பறித்தவர்களாம். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசே நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கியது. இன்றைய அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீ அதிலிருந்து வந்தது.

“எங்க தம்பி இறங்குறீங்க?”

“பேப்பூர் வரைக்கும். கடலப் பாக்க.”

“பாத்துட்டு?”

பதில் வரவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. “தண்ணி நிறைய குடிச்சிக்கிட்டே போங்க, கீழ வெக்கை” என்று டம்ளரைக் கழுவப் போய்விட்டார். மலையிலிருந்து கடலைத் தாண்டி மறுபடியும் மலைக்கு வந்த குடும்பம் அது. நான் பொழுதுபோக்காகக் கடக்கும் தூரங்கள் எல்லாருக்கும் பொழுதுபோக்காக வாய்த்தவை அல்ல.

*

நாடுகாணியில் தமிழ்ப் பலகைகள் முடிந்து மலையாளம் தொடங்குகிறது. சுரம் முழுக்க மூங்கிலும் ஈரக் காற்றும். வழிக்கடவு வந்து சேர்வதற்குள் ஸ்வெட்டர், பிறகு சட்டையின் மேல் பொத்தான்கள், எல்லாம் விடைபெற்றுவிட்டன.

நிலம்பூரில் ஆற்றங்கரைக்குப் போனேன். மலபார் கலெக்டர் கானலி 1840களில் இங்கே நட்ட தேக்குத் தோட்டம் உலகத்தின் முதல் தேக்குத் தோட்டங்களில் ஒன்று. வெட்டிய மரத்தைச் சாலியாற்றில் மிதக்க விட்டுக் கடல்வரை கொண்டுபோனார்கள். லாரிக்கு முந்தைய காலத்தில் சரிவுதான் சரக்கு வண்டி.

அந்தச் சரிவை நினைத்து ரசிக்க முடியாமல் செய்துவிட்டது 2024 ஜூலை 30. அன்று அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு கீழே வந்தன. பல கிலோமீட்டர் தள்ளி, நிலம்பூர்ப் பக்கம் போத்துகல்லில், சாலியாறு உடல்களைக் கரையில் ஒதுக்கியது. தேயிலைத் தோட்டத்து மக்கள் பலர் அதில் உண்டு. நான் நின்றபோது தண்ணீர் முழங்கால் அளவுதான். பையன்கள் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அழகான இடம் என்று அதுவரை குறிப்பேட்டில் எழுதி வந்த வரிகளைப் புரட்டிப் பார்த்தேன். பொய் என்று எதையும் அடிக்கத் தோன்றவில்லை. ஆனால் செங்குத்து, அடிவாரம், வளைவு என்ற ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இப்போது ஆட்கள் குடியிருந்தார்கள். அன்று அதற்கு மேல் சைக்கிள் ஓட்டவில்லை.

*

எடவண்ணா, அரீக்கோடு. சமதளம். கால்பந்து மைதானங்கள், பாக்குத் தோப்புகள், பள்ளிவாசல்கள். சமதளம் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முற்பகல் கடந்ததும் கடற்காற்று எதிரே எழுந்துவிடுகிறது. மலையின் ஏற்றத்துக்கு உச்சி உண்டு. எதிர்காற்றுக்கு அது கிடையாது.

பேப்பூரில் சாலியாறு கடலில் சேர்கிறது. கரையில் உரு என்னும் மரக்கப்பல் கட்டும் பட்டறை. காகிதத்தில் வரைபடம் இல்லாமல் மூத்த தச்சரின் மனக்கணக்கிலேயே பாய்க்கப்பலின் உடல் எழுகிறது. முன்பெல்லாம் நிலம்பூர்த் தேக்கு மிதந்து வந்தது இதற்குத்தான். கட்டி முடித்தவை பெரும்பாலும் அரபு நாடுகளுக்குப் போகின்றன. மலையாள எழுத்தாளர் பஷீர் கடைசிவரை வாழ்ந்த வீடும் இந்த ஊரில்தான். அலைதடுப்புக் கல்வரிசையின் நுனிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

*

இந்த வழியில் போக விரும்புகிறவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். கூடலூர், தேவாலா பக்கம் மழை கடுமையாகக் கொட்டும். சுரத்தில் மண் சரியும். புதுப் பிரேக் கட்டைகளை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், ஒரு ஜோடி கைவசம் இருக்கட்டும். காட்டுப் பகுதியை வெயில் வந்த பிறகு கடந்து, பொழுது சாய்வதற்குள் ஊரைப் பிடித்துவிடுங்கள். திரும்பி வரக் கோழிக்கோட்டிலிருந்து கோவைக்கு ரயில் உண்டு. சைக்கிளைப் பார்சலில் பதிவு செய்ய வேண்டும், ஆகவே ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.