மரியாதை யாருக்குக் கடன்?

நன்னடத்தையும் பொறுமையும் பொது வாழ்வுக்கு இன்றியமையாதனவா என்னும் வினா நம்மனோரிடையே எழும்போதெல்லாம் இளைஞர் முகத்தில் ஒரு கசப்புப் படர்வதைக் காண்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. "பொறுத்துப் போ, பெரியவர்களுக்கு மரியாதை கொடு" என்னும் உபதேசத்தை நம் பாட்டன்மார் கேட்ட அளவுக்கு வேறெவரும் கேட்டிரார். உபதேசித்தவன் திண்ணையில் அமர்ந்திருந்தான். கேட்டவன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நின்றான். ஆதலின் அச்சொற்கள் இன்றும் நம் செவியில் ஏவலாகவே ஒலிக்கின்றன. ஆயினும் அவற்றைத் தூக்கி எறிந்துவிடலாகாது என்பதே நம் எண்ணம்.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் சாலையில், இரு மாநிலங்களும் சந்திக்கும் இடத்தில் கோபாலபுரம் உள்ளது. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவான பின்னரும், எல்லைக்கு அப்பாலும் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். ஒரே தேநீர்க் கடையில் ஒருவர் "அண்ணா" என்கிறார். அடுத்தவர் "சேட்டா" என்கிறார். அத்தகைய கடையொன்றில் பேருந்துக்காக நாம் ஒருமுறை காத்திருந்தோம். எழுபது வயது மதிக்கத்தக்க கூலித் தொழிலாளர் ஒருவர் வந்தார். பலகை காலியாக இருந்தும் அவர் அமரவில்லை. கூரையின் விளிம்பில் நின்றார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த இளைஞன் தலை நிமிராமலே, "உட்காருங்க" என்றான். முதியவர் திரும்பித் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தார். ஒருவரும் இல்லை. சற்று நேரம் கழித்துப் பலகையின் ஓரத்தில் அமர்ந்தார்.

அவர் என்ன குலத்தவர், அவ்விளைஞன் என்ன குலத்தவன் என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் அம்முதியவர் ஏன் திரும்பிப் பார்த்தார் என்பதை நம் அன்பர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

தமிழில் மரியாதை என்பது உள்ளத்தில் மட்டும் தங்குவதன்று. வினைச்சொல்லின் ஈற்றில் இருக்கிறது. வா, வாருங்கள், வந்தான், வந்தார். வாய் திறந்தால் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பண்ணையார் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் தன் பாட்டன் வயதுடைய பண்ணையாளை "வாடா, போடா" என்று விளிக்க, அவர் அவனைச் "சின்ன ஐயா" என்றழைத்த காட்சியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். மலையாளத்தில் வினைமுற்று இவ்வாறு ஆளுக்கேற்ப மாறுவதில்லை. வந்தவர் அரசராயினும் ஏவலராயினும் வினை ஒன்றே. அதனால் அந்நாட்டில் சமத்துவம் நிலவியதோ என்றால், இல்லை. அங்கே தாழ்த்தப்பட்டவன் தன்னை "நான்" என்று கூறலாகாது, "அடியன்" என்றே கூறவேண்டும். தன் இல்லத்தையும் உணவையும் இழித்துக் கூறும் தனிச் சொற்களாலேயே குறிக்கவேண்டும் என்று வழக்கம் இருந்தது. இலக்கணம் விட்ட இடத்தை வழக்கம் பிடித்துக்கொண்டது.

தீண்டாமை எங்கே குடியிருந்தது என்பதற்கு இதுவே விடை. சாத்திர நூல்களில் இருந்தது உண்மையே. ஆனால் அந்நூல்களைக் கண்ணால் கண்டவர் ஊரில் எத்தனை பேர்? அது நாள்தோறும் வாழ்ந்தது நடையுடை பாவனையில். யார் முதலில் பேசுவது, யார் வழிவிடுவது, காசைக் கையில் தருவதா தரையில் போடுவதா, எந்தக் குவளையில் ஊற்றுவது: இவையே அதன் உறுப்புகள். ஆகவே நடத்தை அற்ப விஷயம் என்று எவரேனும் கூறினால், அவர் நம் வரலாற்றை அறியாதவர்.

அது பழங்கதை என்று எண்ணவேண்டா. அதே எல்லையில், கொல்லங்கோட்டுச் சாலையில் உள்ள கோவிந்தாபுரத்தில், முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த அம்பேத்கர் குடியிருப்பில் சக்கிலியர் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை, பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கத் தடை என்ற செய்தி 2017ஆம் ஆண்டில் கேரள நாளேடுகளில் வெளிவந்து பலரைத் திடுக்கிடச் செய்தது. எழுத்தறிவில் முதலிடம் என்று போற்றப்படும் மாநிலத்தில்!

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. இவற்றின் மதிப்பை நாம் குறைத்துக் கூறோம். இவை இல்லாவிடில் நம்மவர் காவல் நிலையத்தின் படியேறவும் வழியில்லை. ஆயினும் சட்டத்தின் கை ஓரளவே நீளும். இரண்டாவது குவளையை அது உடைத்துவிடும். ஒரே குவளையில் தேநீர் தரும் கடைக்காரன் அதனை நம் முன் மெல்ல வைக்கிறானா, "ணங்" என்று வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறானா என்பதில் அது தலையிட முடியாது. சட்டம் முடியும் இடத்தில் நடத்தை தொடங்குகிறது. கோபாலபுரத்து இளைஞன் கூறிய "உட்காருங்க" எந்தச் சட்டத்தின் கட்டளையும் அன்று.

இனிப் பொறுமை. இதில்தான் நம் இளைஞர்க்கு ஐயம் மிகுதி.

ததாகதர் சாவத்தி நகரில் பிச்சையேற்றுச் சென்றபோது, வேள்வித் தீ வளர்த்துக்கொண்டிருந்த பார்ப்பனர் ஒருவர் அவரை மொட்டையன் என்றும் இழிகுலத்தான் என்றும் ஏசி, அங்கேயே நில் என்று கூவிய வரலாற்றைச் சுத்த நிபாதம் கூறுகிறது. ததாகதர் என்ன செய்தார்? திரும்ப ஏசவில்லை. அதே வேளையில் தலைகுனிந்து வேறு தெரு வழியே விலகிப் போகவுமில்லை. இழிகுலத்தான் என்பவன் யார் என்று தாங்கள் அறிவீரோ என அமைதியாக வினவினார். ஏசியவர் தமக்குத் தெரியாது என ஒப்புக்கொண்டு கேட்கலானார். விலகிப் போவது அச்சம். திரும்ப ஏசுவது சினம். நின்ற இடத்தில் நின்று வினவுவதையே நாம் பொறுமை என்கிறோம்.

வைக்கத்தில் 1924 மார்ச் 30ஆம் நாள் தொடங்கி 1925 நவம்பர் வரை கோயிலைச் சூழ்ந்த சாலைகளின் பொருட்டு நின்றவர்கள் அத்தகையோர். பெருவெள்ளம் வந்தபோது நீரில் நின்றனர், அடிபட்டனர், மறுநாளும் அவ்விடத்திற்கே வந்தனர். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைப் பருகிய பின் அவருடன் வந்தோர் தாக்கப்பட்டனர். திருப்பித் தாக்கும் வலிமை அவர்களுக்கு இருந்தது. அவர் அவர்களை அடக்கினார்; வழக்கை விடவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்புக் கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. பத்தாண்டு காத்திருந்தவரைப் பணிந்து போனவர் என்று எவரும் கூறத் துணியார். அவமதித்தவனிடமும் நாம் மரியாதை காட்ட வேண்டுமா என்று கேட்பார்க்கு நம் விடை இதுதான்: "நீங்கள்" என்று அழைத்தே மறுக்கலாம், "நீங்கள்" என்று அழைத்தே வழக்கும் தொடுக்கலாம்.

இவ்வளவும் பிறர் நமக்குச் செய்வதைப் பற்றிய பேச்சு, கூறுவது எளிது. மச்சிம நிகாயத்தில் வேதேகிகை என்னும் இல்லத்தலைவியின் கதை வருகிறது. சாந்தமானவள், அடக்கமுடையவள் என்று ஊரெல்லாம் அவளைப் புகழ்ந்தது. அவள் வீட்டு வேலைக்காரி காளி கூரிய மதியுடையவள். தலைவி உண்மையில் சினமற்றவளா, அல்லது தன் வேலைத் திறத்தால் சினத்துக்கு இடம் நேராமல் இருக்கிறதா என்றறிய, வேண்டுமென்றே பொழுது விடிந்து எழுந்தாள். முதல் நாள் முகம் சுளித்தாள் தலைவி. அடுத்து வசை பிறந்தது. மூன்றாம் முறை கதவின் தாழ்க்கோலை எடுத்துக் காளியின் மண்டையை உடைத்தாள். காளி வழியும் குருதியோடு சென்று அயலாருக்குத் தன் தலையைக் காட்டினாள்.

அக்கதையைப் படிக்கும்போது நாம் காளியின் பக்கம் நின்றே படிக்கிறோம். நம்மில் எவரேனும் தம்மை வேதேகிகையாக எண்ணிப் படித்ததுண்டா? நம் அன்பர்களுள் அரசு வேலையும் சொந்த வீடும் பெற்றோர் இன்று உளர். அவர்கள் தெருவைத் துப்புரவு செய்ய வருபவரை எவ்வாறு அழைக்கின்றனர்? கோவிந்தாபுரத்துச் சக்கிலியருக்காக நாம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவோம். அவர் மகளுக்கும் நம் மகனுக்கும் மணம் என்றால் எத்தனை இல்லங்களில் கதவு திறக்கும்? சாக்கிய இளவரசர் துறவு பூண வந்தபோது, தமக்கு முன்னரே நாவிதரான உபாலிக்குத் துறவு அளிக்குமாறு தாமே வேண்டினர். முன் துறந்தவரைப் பின் துறந்தவர் வணங்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. குலச்செருக்கு அடங்க உபாலியைத் தாங்கள் வணங்க வேண்டும் என்று அவர்களே விரும்பினர். அவர்களை எவரும் நிர்ப்பந்திக்கவில்லை.

இதை எழுதும்போது நம் வைசாகப் பௌர்ணமி விருந்து நினைவுக்கு வருகிறது. பஞ்சசீலம் ஓதி, சமத்துவம் பற்றி மூவர் பேசி, எல்லோரும் ஒரே பந்தியில் உண்டோம். உண்டபின் எச்சில் இலைகளை எடுத்தவர்கள், ஒவ்வோராண்டும் எடுக்கும் அதே இரு குடும்பத்தார். எவரும் அவர்களைப் பணிக்கவில்லை, எவரும் தடுக்கவுமில்லை. நாமும் கை கழுவப் போய்விட்டோம். வரும் பௌர்ணமிக்கு இலையெடுக்கும் முறையைச் செயற்குழுவினர் பெயர்களிலிருந்து தொடங்கி எழுதிச் சுவரில் ஒட்டுவதென முடிவாகியுள்ளது. தலைவர் பெயர் முதலில் இருக்கிறது. அவர் சற்றுத் தயங்கித்தான் கையொப்பமிட்டார்.