காளியனுக்கும் ஓர் இடம்

சேதனம், அசேதனம் என்னும் இருவகைப் பொருள்களும் ஸ்ரீமந் நாராயணனுக்குச் சரீரம். அவனே அவை அனைத்துக்கும் ஆத்மாவாய் நிற்கிறான் என்பது ஸ்ரீபாஷ்யகாரர் நமக்கு அருளிச்செய்த ஸித்தாந்தம். எறும்பு முதல் யானை ஈறாக எந்த உடலுக்குள்ளும் அந்தர்யாமியாக எழுந்தருளியிருப்பவன் அவனே. உபந்யாஸத்தில் அமர்ந்து இதைக் கேட்கும்போது தலையசைக்காதவர் இல்லை. ஆனால் அதே அன்பர் இரவில் வீடு திரும்பி விளக்கை ஏற்றும்போது, சமையலறை மூலையில் நல்ல பாம்பு ஒன்று படமெடுத்து நின்றால், அவர் கை கழியைத் தேடுமா, சற்றே தயங்குமா? நாம் கேட்டறிந்த தத்துவம் சோதிக்கப்படும் இடம் பெரும்பாலும் ஸந்நிதி அன்று; நம் வீட்டு வாசலே.

திருவேங்கடம், அஹோபிலம், திருமாலிருஞ்சோலை, சோளிங்கர் என வழங்கும் திருக்கடிகை முதலான திவ்யதேசங்கள் மலையும் காடும் சூழ்ந்தவை. ஒரு காலத்தில் புதர்க்காடும் தோப்புமாக இருந்த மலையடிவாரங்கள் பலவற்றில் இன்று வீட்டு மனைகள் எழுந்துள்ளன. மாநகரங்களும் இதற்கு விலக்கல்ல. சென்னையின் நடுவே, 1978-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரே. அதைச் சுற்றிலும் சாலைகள், கல்விச்சாலைகள், குடியிருப்புகள். மரம் அடர்ந்த இத்தகைய இடங்களில் குரங்கு மாடியேறுவதும், மரநாய் பரணில் குட்டி ஈனுவதும், கிணற்றடியில் பாம்பு தென்படுவதும் புதுமை அன்று. “இவற்றை வெளியேற்றுவது பாபமா? கொன்றுவிட்டால் ப்ராயச்சித்தம் என்ன?” என்று க்ருஹஸ்தர்கள் அடியேனிடம் கேட்பதுண்டு. உத்ஸவத்துக்கு வந்திருக்கும் ஸேவார்த்திகளுக்கும் இக்கேள்வியில் நேரான பங்கு உண்டு. அது என்ன என்பது பின்னர் விளங்கும்.

முதலில், கொல்வதே தகும் என்னும் பக்ஷத்தை எடுத்துக்கொள்வோம். மஹாபாரதத்து அநுசாஸன பர்வத்தின் தொடக்கத்தில் பீஷ்மர் தருமபுத்திரருக்கு ஒரு வரலாறு கூறுகிறார். கௌதமி என்னும் மூதாட்டியின் ஒரே மகனைப் பாம்பு தீண்டிவிட்டது. அர்ஜுனகன் என்னும் வேடன் அப்பாம்பைக் கயிற்றால் பிணித்துக் கொணர்ந்து, இதை எவ்வாறு கொல்லவேண்டும், கூறுவாய் என்று அவளைக் கேட்டான். அவளோ, இதைக் கொல்வதால் என் மகன் எழுந்து வரப்போவதில்லை, விட்டுவிடு என்றாள். வேடன் விடவில்லை. இவ்வொன்றைக் கொன்றால் இனி இது தீண்டக்கூடிய பலர் பிழைப்பார்களே என்று வாதிட்டான். அந்த வாதத்துக்கும் அவள் இணங்கவில்லை. பெற்ற வயிறு எரியும் வேளையிலும் பகைமைக்கு இடங்கொடாத அத்தாயை நினைந்து வியக்கிறோம்.

எனினும் வேடனுடைய வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாரத நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் உயிரிழந்தனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இது சிறிய எண் அன்று. குழந்தை தவழும் வீட்டில் பாம்பைக் கண்டு அஞ்சும் தாயை நோக்கி, உனக்கு தயை இல்லை என்று கூற எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பாம்பைக் கொல்வது அம்மரணங்களைத் தடுக்கிறதா என்பதை ஆராயவேண்டும். கழியுடன் நெருங்குபவனையே பாம்பு எளிதில் தீண்டுகிறது. உயிர்களைக் காப்பவை இரவில் கையில் விளக்கு, காலில் செருப்பு, தரையில் படுப்போருக்குக் கொசுவலை, கடிபட்டால் மந்திரவாதியைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்கு விரைதல் ஆகியவையே. எலியை உண்ணும் சாரைப்பாம்பை நஞ்சுள்ளது என்று கருதி அடிப்பவன், நெல்லுக்குக் காவலனை இழக்கிறான்.

கொல்ல வருபவனைக் கொல்வதில் குற்றம் இல்லை என்று தர்ம சாஸ்திரம் ஆததாயியைப் பற்றிக் கூறுகிறதே எனலாம். உண்மை. ஆனால் தீங்கு செய்யவேண்டும் என்னும் எண்ணத்துடன் வருபவனே ஆததாயி. பாம்புக்கும் குரங்குக்கும் நம்மிடம் பகை ஏது? ஒன்று அச்சத்தால் கடிக்கிறது. மற்றொன்று பசியால் பறிக்கிறது. உயிருக்கே ஆபத்து நேர்ந்து, வேறு வழியே இல்லாத கணத்தில் தற்காப்புக்காகச் செய்ததைச் சாஸ்திரமும் மன்னிக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஓடிப்போக வழி தேடும் ப்ராணியைத் துரத்தி அடிப்பதோ தற்காப்பு ஆகாது.

இனி இரண்டாவது பக்ஷம். எல்லாம் பகவானுடைய சரீரமாயிருக்க, வந்த ப்ராணியை அப்படியே விட்டுவிடுவதன்றோ பக்தனுக்கு அழகு என்று சிலர் கூறுவர். இதுவும் முழுமையான தர்மம் அன்று. குழந்தைகளையும் முதியோரையும் பசுக்களையும் காக்கும் கடமை க்ருஹஸ்தனுக்கு உண்டு. தன் பொறுமையின் பெயரால் பிறரை ஆபத்தில் நிறுத்துவது அஹிம்ஸை ஆகாது. ஆகவே அகற்றுதல் தகும். ஆனால் எவ்வாறு அகற்றுவது? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. யமுனைக்கரைக்குச் செல்வதே போதும்.

காளிய மர்த்தனம் என்றவுடன் நம் கண்முன் நிற்பது, பாம்பின் தலைமேல் கண்ணன் ஆடிய நடனம். அதற்குப் பின் நடந்ததை நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தம் அதை விரிவாகவே கூறுகிறது. நாகபத்தினிகள் வேண்ட, பகவான் காளியனைக் கொல்லாமல் விடுகிறான். இனி இம்மடுவில் இராதே, கடலுக்குச் செல் என்று ஆணையிடுகிறான். அந்த ஆணைக்குள் தர்ம ஸூக்ஷ்மங்கள் மூன்று அடங்கியுள்ளன.

முதலாவது, காரணம். நதி பசுக்களுக்கும் மனிதர்களுக்கும் பயன்படவேண்டும் என்பதற்காகவே அவன் அகற்றப்பட்டான். பாம்பு என்னும் பிறப்புக்காகத் தண்டிக்கப்படவில்லை. இரண்டாவது, சுற்றம். மனைவியர், பிள்ளைகள், உறவினர் ஆகிய அனைவருடனும் செல்லுமாறு பகவான் கூறுகிறான். தாய் ஓரிடம், சேய் ஓரிடமாக அக்குடும்பம் பிரிக்கப்படவில்லை. மூன்றாவதே மிக முக்கியமானது. காளியன் யமுனைக்கு விரும்பி வந்தவன் அல்லன். அவனுடைய சொந்த இடம் ரமணகத் தீவு. அங்கே கருடனிடம் பகை நேர்ந்தது. ஸௌபரி முனிவரின் சாபத்தால் கருடன் நெருங்க இயலாத இம்மடுவில் அஞ்சி ஒளிந்தான். பகவான் இதை அறிந்து, என் திருவடிப் பொறி உன் தலையில் இருப்பதால் கருடன் இனி உன்னைத் தீண்டமாட்டான் என்று அபயம் அளித்தே அனுப்புகிறான். அஃதாவது, அவன் ஏன் வந்தான் என்பதற்கு மாற்றுத் தேடிய பின்னரே, அவன் போகவேண்டிய இடத்தைக் காட்டுகிறான். போகும் இடத்தில் வாழ வழியின்றி ஓர் உயிரை விரட்டுவது, கொலையை நம் கண்ணுக்கு மறைவான இடத்துக்கு மாற்றுவதே அன்றி வேறில்லை.

இம்மூன்றையும் நம் வீட்டில் பொருத்திப் பார்ப்போம். பரணில் மரநாய் புகுந்திருந்தால், அது இரவில் இரைதேடும் ப்ராணி என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். அந்திக்குப்பின் அது வெளியே செல்லும். சென்றபின் அது நுழைந்த துவாரத்தைக் கம்பிவலையால் அடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஆனால் அடைக்குமுன் உள்ளே குட்டிகள் உண்டா என்று பார்ப்பது கட்டாயம். தாயை வெளியே நிறுத்திக் குட்டிகளை உள்ளே வைத்து அடைப்பதைவிடக் கொடிய செயல் உண்டோ? குட்டிகள் இருப்பின், அவை தாயைத் தொடர்ந்து நடக்கும் வரை சில வாரங்கள் பொறுப்பதே நலம். பழம் உண்டு விதை பரப்பும் அந்த ப்ராணி நம் தோப்புகளுக்குச் செய்யும் உபகாரமும் சிறிதன்று.

பாம்பு வந்தால், குழந்தைகளை விலக்கிவிட்டு, எட்டநின்று அது இருக்கும் இடத்தைக் கண்காணித்து, வனத்துறையினருக்கோ தீயணைப்பு மீட்புப் பணியினருக்கோ தெரிவிப்பதே முறை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் கையாளும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் நம் இருளர் பெருமக்கள். 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம், பாம்புகளைப் பிடித்து நஞ்செடுத்து, அவற்றைக் கொல்லாமல் மீண்டும் விட்டுவிடுகிறது. அந்நஞ்சே கடிபட்டோருக்கு மருந்தாகிறது. அம்மக்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். கொல்லாமலே உயிர் காக்கமுடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பிடித்த பாம்பை வெகுதொலைவில் விட்டுவிட்டால் போதும் என்றும் கருதலாகாது. அறியாத நிலத்தில் இரையும் வளையும் காணாமல் அலைந்து மடிவன பல. அருகிலுள்ள தகுந்த இடத்தில் விட்டு, நம் வீட்டைச் சுற்றியுள்ள குப்பையையும் கற்குவியலையும் எலிவளையையும் நீக்குவதே அது மீண்டும் வராமைக்கு வழி. அழைத்தது எலி, எலியை அழைத்தது நாம் எறிந்த எச்சில்.

குரங்கின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. கூண்டு வைத்துப் பிடித்து, வண்டியில் ஏற்றி, வேறொரு காட்டோரத்தில் விட்டு வருகிறார்கள். குரங்குகள் கூட்டமாக வாழ்பவை. பெண்குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுதும் தங்குபவை. கண்டபடி பிடிக்கும்போது கூட்டம் சிதறுகிறது. குட்டி தாயை இழக்கிறது. சென்ற இடத்தில் முன்பே வாழும் கூட்டம் இவற்றை எதிர்க்கிறது. மனிதர் கையில் உண்டு பழகியவை அருகிலுள்ள அடுத்த ஊருக்குள் புகுகின்றன. நம் தெருவின் தொல்லை இன்னொரு தெருவுக்குப் போயிற்றேயன்றித் தீரவில்லை. உத்தரவின்றிப் பிடிப்பது சட்டப்படியும் குற்றம்.

இங்கேதான், ஸேவார்த்திகளே, நம்முடைய பங்கு வருகிறது. மலையேறும்போது வாழைப்பழமும் பொரியும் வாங்கி, ஆஞ்சநேய ஸ்வரூபம் என்று பக்தியுடன் குரங்குகளின் கையில் கொடுக்கிறோம். கொடுத்த மனம் நல்ல மனமே. விளைவு என்ன? கையிலிருந்து பெற்றுப் பழகிய குரங்கு, கொடாதவர் கையிலிருந்து பறிக்கக் கற்கிறது. உத்ஸவம் முடிந்து கூட்டம் கலைந்தபின் பசியுடன் அடிவாரத்து வீடுகளில் இறங்குகிறது, அடிபடுகிறது, கூண்டில் விழுகிறது. நாம் கொடுத்தது ஒரு பழம். அதற்கான விலையை அக்குரங்கும் ஒரு ஏழைக் குடும்பமும் கொடுக்கின்றன.

பூதயஜ்ஞம் விதிக்கப்பட்டிருக்கிறதே, ப்ராணிகளுக்கு அன்னமிடுவது தவறாகுமா என்று கேட்கலாம். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல் உலக்கை, நீர்க்குடம் ஆகிய ஐந்தினாலும் இல்லத்தில் அறியாமல் நேரும் ஹிம்ஸைக்குப் பரிகாரமாகப் பஞ்ச மஹாயஜ்ஞங்களைச் சாஸ்திரம் விதித்தது. அவற்றுள் ஒன்றான பூதயஜ்ஞத்தில் பலியைச் சிறிதளவாகத் தரையில் மெல்ல வைத்துவிட்டு விலகுகிறோம். ஹிம்ஸைக்குப் பரிகாரமாக ஏற்பட்ட கர்மத்தைக் காட்டி, புதிய ஹிம்ஸைக்கு வித்திடுவது பொருந்துமோ? காட்டு ப்ராணியைக் கைக்குப் பழக்கி, அதன் இயல்பைக் கெடுப்பது அதன் நோக்கம் அன்று.

வானரங்களிடம் நம்மைவிட அன்பு கொண்டவன் இராமபிரான். யுத்தம் முடிந்தபின் இந்திரன் வரம் கேட்குமாறு வேண்டியபோது, தனக்கென ஒன்றும் கேளாமல், மாண்ட வானரர் உயிர்பெற்று எழவேண்டும் என்று கேட்டான். அத்துடன் நிற்கவில்லை. அவர்கள் வாழும் இடங்களில் பருவமல்லாத காலத்திலும் காயும் கனியும் கிழங்கும் குறையாதிருக்கவேண்டும், தெளிந்த நீருடன் ஆறுகள் ஓடவேண்டும் என்றும் வேண்டினான் என்பது ஸ்ரீமத் ராமாயணம். அயோத்தியின் அரண்மனை வாசலில் அவர்களுக்கு நாள்தோறும் சோறிட ஏற்பாடு செய்வேன் என்று அவன் நினைத்திருந்தால் அதற்கும் குறைவில்லை. ஆயினும் அவன் திருவுள்ளம் கருதியது, அவர்கள் தம் இடத்தில் தாமே வாழத்தக்க கனிமரங்களையும் நீரையும். குரங்குகளிடம் காட்டவேண்டிய கைங்கர்யம் எது என்பதற்கு இதனினும் மேலான பிரமாணம் கிடையாது.

எனவே இவ்வாண்டு உத்ஸவத்துக்கு வந்துள்ள ஒவ்வொருவரும் ஒரு ஸங்கல்பம் செய்துகொள்ளலாம். குரங்குக்கென வாங்கும் பழத்தை எம்பெருமானுக்கு ஸமர்ப்பித்துப் பசித்த மனிதருக்கு அளிப்போம். உணவுப் பொட்டலங்களையும் எச்சிலையையும் மலையில் எறியாதிருப்போம். வாய்ப்புள்ளவர் தத்தம் ஊரின் புறம்போக்கிலும் குளக்கரையிலும் நாவல், அத்தி, இலந்தை, ஆல் ஆகியவற்றுள் ஒரு கன்றையேனும் நட்டு வளர்ப்போம். வீட்டுக்குள் வந்த ப்ராணியை அகற்ற நேரும்போது, இது ஏன் வந்தது, இதன் குட்டி எங்கே, இது போய் வாழும் இடம் எது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே செயல்படுவோம்.

நஞ்சு கக்கிய காளியனுக்கும் ஓர் இடம் உண்டு என்று காட்டியருளிய அப்பெருமான், அவன் திருமலையைத் தேடிவந்த நமக்கும் தன் திருவடி நிழலில் ஓர் இடம் தந்தருள்வானாக. ஸர்வ ஜீவராசிகளும் க்ஷேமமாக வாழ்க.

அடியேன்.

சுபம்.