ஒப்புக்குச் சப்பாணி

ஒரகடம் கார் கம்பெனிகளில் பேரிங் லொடலொடத்தால் கழற்றி எறிந்துவிடுவார்கள். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் அந்தச் சத்தம்தான் ஆட்டமே. பிளாஸ்டிக் பந்துக்குள் பேரிங் குண்டுகள். கையைத் தாழ்த்தி உருட்டிப் போட, காதால் பார்த்து ஸ்வீப் அடிக்கிறார்கள். 1998-லேயே டெல்லியில் முதல் உலகக் கோப்பை நடந்தாயிற்று.

இதில் ஒரு விதி. முழுப் பார்வையற்றவர் அடிக்கும் ஒரு ரன், இரண்டாகக் கணக்காகும். ‘சலுகைதானே சார்?’ என்பீர்கள். பதினொரு பேரில் அப்படிப்பட்டவர் நாலு பேராவது இருந்தாக வேண்டும். இரட்டை ரன் இல்லாவிட்டால் அவர்கள் ஒப்புக்குச் சப்பாணிதான் (இந்தச் சொலவடையே ஊனத்தைக் கேலி பண்ணுவது, கவனியுங்கள்). இருப்பதால், ஜெயிக்க அவர்கள் தேவை. இதை இரக்கம் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் கம்பெனி ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு அப்படி ஒருவர் வந்தால், பேட்டைக் கொடுப்பீர்களா, நிழலில் நாற்காலி போடுவீர்களா?