இரண்டாவது திர்ஹம்

இணைய ஏலத்தில் ஒரு பொருளைப் போட்டால், ஏலம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது தனிச்செய்தி ஒன்று வந்து விழும். “பாஸ், இப்பவே முடிச்சுக்கலாமா? முந்நூறு வெள்ளி தர்றேன். ஏலத்த எடுத்துடுங்க, கமிஷனும் மிச்சம்.” பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய நாணயம், தபால்தலை, பாபா நோன்யா பீங்கான், செட்டிநாட்டுப் பித்தளைச் சாமான் விற்பவர்கள் யாருக்கும் இது புதிதல்ல. ஈபே போன்ற தளங்கள் தங்கள் வழியாக அறிமுகமானவர்கள் வெளியே போய்ப் பேரம் முடிப்பதைத் தடை செய்கின்றன. ஆனால் விதி இருப்பதாலேயே ஒரு செயல் பாவமாகிவிடாது. தளம் தன் வருமானத்தைக் காக்கவும்தான் விதி போடுகிறது. விதியே இல்லை, கண்டுபிடிக்க ஆளும் இல்லை என்று வைத்துக்கொண்டு கேட்போம்: அந்தத் தனிப்பேரம் அறத்துக்குப் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் முடிவு. ஏலத்தில் வைத்த பொருள் விற்பவருடையதுதான். அதைக் கேட்கும் வாய்ப்பை மட்டும் அவர் ஊருக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததை மறைவில் ஒருவருக்கு விற்க அவருக்கு உரிமை இல்லை.

முதலில் அந்தச் செய்தி எதனால் வருகிறது என்று பார்க்க வேண்டும். நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி டாலர் ஒன்று ஏலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் எட்வர்டு தலை பொறித்தது, 1903ஆம் ஆண்டு, பம்பாய் நாணயச்சாலையில் அச்சானது. அவ்வகை நாணயங்களில் பம்பாயைக் குறிக்கும் ‘பி’ என்ற சிறு எழுத்து சிலவற்றில் புடைத்திருக்கும், சிலவற்றில் குழிந்திருக்கும். இந்த வேறுபாட்டை வைத்தே சேகரிப்பவர்கள் விலை பேசுகிறார்கள். பாட்டி பெட்டியிலிருந்து எடுத்து விற்பவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவருக்குத் தெரியும். மூன்று நாள் பொறுத்தால் அவரைப்போல் இன்னும் நான்கு பேர் பார்த்துவிடுவார்கள் என்பதும் தெரியும். அவருடைய அவசரத்தின் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லா வாங்குபவர்களும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ஏலத்திலேயே கூடுதலாகக் கேட்க வழியிருந்தும் ஒருவர் வெளியே அழைத்தால், கூடுதலாகக் கேட்க விரும்பவில்லை என்பதே இயல்பான பொருள்.

இது இணையம் கொண்டுவந்த சிக்கல் அல்ல. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊர் எல்லைக்கு வெளியே போய் எதிர்கொண்டு, சந்தைக்கு வருமுன்பே வாங்கிவிடுவதை நபிமொழிகள் தடுக்கின்றன. அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையைத் தெரிந்துகொண்டால், விற்பனையை உறுதிசெய்யவோ முறிக்கவோ அவருக்கு உரிமை உண்டு என்றும் முஸ்லிம் தொகுப்பில் வருகிறது. இந்தத் தடை யாரைக் காக்க வந்தது என்பதில் இமாம்கள் வேறுபட்டார்கள். தமிழ்க் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி வழி, விலை தெரியாமல் வரும் விற்பவரையே காக்கப்பட வேண்டியவராகக் கண்டது. இமாம் மாலிக்கோ சந்தையில் காத்திருப்பவர்களை முன்னிறுத்தினார். எல்லாருக்கும் வரவேண்டிய சரக்கை ஒருவர் வழியில் மடக்கினால் நட்டம் அவர்களுக்கு. நம் கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தன் நட்டத்தை மட்டும் பார்க்கும் விற்பவர் ‘போகட்டும், எனக்கு முந்நூறு போதும்’ என்று விட்டுக்கொடுக்கலாம். அது அவருடைய பணம். ஆனால் ஏலம் ஞாயிற்றுக்கிழமை இரவு முடியும் என்று நம்பிக் காத்திருக்கும் பட்டர்வொர்த்காரரின் வாய்ப்பை, அவர் சார்பில் விட்டுக்கொடுக்க இவருக்கு அதிகாரம் யார் தந்தது?

ஏலம் என்றாலே பேராசை, நியாய விலையில் ஒருவருக்குக் கொடுப்பதே பண்பு என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் உள்ள ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கலாம். அன்சாரி ஒருவர் உதவி கேட்டு வருகிறார். வீட்டில் இருப்பது ஒரு விரிப்பும் ஒரு குடிகலமும்தான். நபிகள் அவற்றைக் கொண்டுவரச் சொல்லி, தாமே ஏலம் விடுகிறார். ஒருவர் ஒரு திர்ஹம் என்கிறார். அதற்கு மேல் யார் என்று நபிகள் கேட்க, இன்னொருவர் இரண்டு தருகிறார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு; மற்றொன்றுக்குக் கோடரி. அந்தக் கோடரியால் விறகு வெட்டி விற்று அவர் பிழைத்துக்கொள்கிறார். முதல் ஆளோடு ஒதுக்குப்புறமாகப் பேசி முடித்திருந்தால் அன்றைய சோறு கிடைத்திருக்கும், கோடரி கிடைத்திருக்காது. ‘மேலே யார்’ என்று எல்லார் காதிலும் விழக் கேட்டதுதான் ஏழைக்குப் பிழைப்பைத் தந்தது.

ஜார்ஜ் டவுனின் லெபோ குயினில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு நடந்துபோகிற தூரம்தான். இரண்டுக்கும் இடையிலுள்ள கடைத்தெருவில் வியாபாரம் செய்தவர்கள் வள்ளுவரையும் அறிந்தவர்கள். வணிகர்க்கான குறளை அவர் பொருட்பாலில் வைக்கவில்லை; அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். பகை, நட்பு, அயல் என்று பாராமல் ஒரே அளவில் நிற்பதுதான் நடுவுநிலைமை. முகம் தெரிந்து செய்தி அனுப்பியவருக்கு ஒரு நியாயம், பெயர்கூடத் தெரியாமல் ஏலம் கேட்பவருக்கு ஒரு நியாயம் என்றால் தராசு சாய்ந்துவிட்டது.

‘சுத்தியல் விழும்வரை ஒப்பந்தமே இல்லையே, கேட்டவரே பின்வாங்கலாமே’ என்று சட்டம் தெரிந்தவர்கள் மறுப்பார்கள். உண்மை. 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவு, அப்படித்தான் சொல்கிறது. 1990இல் அந்தச் சட்டம் பினாங்குக்கும் வந்தது. ஆனால் அதே பிரிவை இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். தன் பொருளுக்குத் தானே ஏலம் கேட்கும் உரிமையை விற்பவர் முன்கூட்டியே அறிவித்திருந்தால் கேட்கலாம். அறிவிக்காமல் கேட்டால் மோசடி. செயல் ஒன்றுதான், மறைத்ததே குற்றம். வங்கிக் கடனால் ஏலத்துக்கு வரும் வீட்டையும் பாருங்கள்: விற்பனை முடியுமுன் உரிமையாளர் பாக்கியைக் கட்டினால் ஏலம் நின்றுவிடும் என்கிறது தேசிய நிலச் சட்டம். யாரும் அதை அநியாயம் என்பதில்லை, எல்லாருக்கும் தெரிந்த வழி அது. ஆகவே அவசரத் தேவை வந்தவர் ஏலத்தை நிறுத்தலாம். நிறுத்துவதைக் காரணத்தோடு வெளியே சொல்லி, ஏற்கெனவே கேட்டவர்களுக்கும் அறிவித்து, பிறகு நிலையான விலையில் எல்லாருக்கும் முன் வைக்கட்டும். கமிஷன் அதிகம் என்ற குறைக்கும் பதில் இதுதான்: முதலிலேயே வேறு இடத்தில் விற்றிருக்கலாம். ஆளைத் தேடித் தந்த இடத்துக்குக் கூலி தராமல் நழுவுவது சிக்கனம் அல்ல.

எனக்குத் தயக்கம் தரும் மறுப்பு ஒன்றே ஒன்று. ‘அது என் தாத்தா கடையின் பெயர்ப்பலகை, ஏலத்தில் போட்டியிட என்னிடம் வசதியில்லை’ என்று ஒருவர் கேட்டால்? அங்கே பணத்தைவிடப் பெரிய உறவு ஒன்று பொருளோடு ஒட்டியிருக்கிறது. விற்பவர் மனம் இளகுவது நல்லதே. அப்போதும் ஏலத்தை வெளிப்படையாக ரத்து செய்துவிட்டுக் கொடுக்கலாம். ஏலம் கேட்டிருந்தவர்களில் பலர் காரணத்தைக் கேட்டு மகிழவும் கூடும். வெளியே சொல்லக் கூசாத காரணம் என்றால் அதைச் சொல்லிவிட்டே செய்யலாமே.

ஆகவே இணையத்தில் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனிச்செய்தி அனுப்பியவரிடம் கோபப்பட வேண்டாம்; பலர் பழக்கத்தில் கேட்கிறார்கள். “நீங்க சொன்ன விலையை ஏலத்துலயே போடுங்க, கடைசியில உங்களுதுதான் கூடன்னா உங்களுக்குத்தான்” என்று ஒரே பதிலை எல்லாருக்கும் அனுப்புங்கள். பொருளின் ‘பி’ எழுத்தையோ வேறு அடையாளத்தையோ அவர் கேட்டால், அந்தப் படத்தை அவருக்கு மட்டும் அனுப்பாமல் ஏலப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.