தண்டியடிகளின் கயிறு

ஆன்மா இலயிக்கும் இடமே ஆலயம் என்று பெரியோர் விளக்கம் கூறுவர். அந்த ஆன்மாவைச் சுமந்து வருவது உடல். உடல் வாசலோடு நின்றுவிட்டால் ஆன்மா மட்டும் எவ்வாறு உள்ளே செல்லும்? படி ஏற இயலாத அடியார் ஒருவர் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகின்றார் என்றால், அது அவருடைய குறையா, அல்லது அந்தப் படியைக் கட்டியோரின் குறையா? இக்கேள்வியை இம்மலரின் வாயிலாக அடியார்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான தண்டியடிகள் நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. திருவாரூரில் அவதரித்த அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருக்கோயிலின் மேற்குப் புறத்தே உள்ள திருக்குளம் இடங்குறைந்து போனதை அறிந்து, அதனைத் தாமே தோண்டத் தொடங்கினார். குளத்தின் நடுவில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டு இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்புவார். மீண்டும் கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறுவார். பணி தடையின்றி நடந்தது. மாற்றார் வந்து மண்வெட்டியையும் தறியையும் கயிற்றையும் பறித்த பின்னரே அது நின்றது.

இவ்வரலாற்றைக் கேட்கும்போது, இறைவன் திருவருளால் நாயனார் கண்பெற்ற அற்புதமே நம் மனதிற் பதிகின்றது. அதற்கு முந்திய பகுதியையும் சற்று ஊன்றிப் பார்த்தல் வேண்டும். கயிறு இருந்த நாளிலும் நாயனாருக்குப் பார்வை இல்லை. கயிறு போன நாளிலும் பார்வை இல்லை. முதல் நாள் அவர் திருப்பணி செய்யும் தொண்டர். மறுநாள் செய்வதறியாது நின்றவர். இரண்டு நாட்களுக்கும் இடையே மாறியது அவருடைய கண் அன்று, அவருடைய வழி. ஆகவே இயலாமையில் ஒரு பகுதி உடலில் இருக்கின்றது, மறு பகுதி வழியில் இருக்கின்றது. உடலில் உள்ளதை மாற்றுவது எப்போதும் மனிதர் கையில் இல்லை. வழியில் உள்ளதோ முழுவதும் மனிதர் கையிலேயே இருக்கின்றது.

யப்பானில் செய்இச்சி மியாகே என்பவர், பார்வை குன்றிவந்த தம் நண்பருக்கு உதவுவதற்காக 1965இல் புடைத்த குமிழ்களைக் கொண்ட தளக்கல்லை உருவாக்கினார். 1967இல் ஒக்கயாமா நகரில் பார்வையற்றோர் பாடசாலைக்கு அருகே அது முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. இன்று உலகின் பல நகரங்களில் நடைபாதைகளிலும் புகையிரத மேடைகளிலும் மஞ்சள் நிறத்தில் காணப்படும் கற்கள் அவைதாம். கையால் தடவிய கயிறு, காலால் தடவும் கல்லாயிற்று என்றே எனக்குத் தோன்றுகின்றது.

நம் நாட்டிலும் இவ்வுண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்டு நெடுங்காலமாகின்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்கும் யாவரும் சென்றுவரத்தக்க வசதிகள் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் அதன் கீழ் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாகின. அவை நடைமுறைக்கு வரத் தாமதமானதால் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா 2009இல் உயர் நீதிமன்றத்தை நாடினார். கிரிக்கெட் நடுவராகவும் விளங்கிய அவர், 1992இல் வீதியோர மரமொன்று தமது காரின் மேல் விழுந்ததனால் சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்தவர். புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமையவே கட்டப்படல் வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது.

ஒரு மரக்கிளை விழும் நேரத்தில் எவரும் அந்த நிலைக்கு வரலாம் என்பதை நாம் மறத்தலாகாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுள் 8.7 வீதமானோர் ஏதோ ஒரு வகையில் இயலாமை உடையவர்கள். போரும் மிதிவெடியும் பறித்த கால்களை நம் ஊர்கள் அறியும். இவை எவற்றிலும் அகப்படாதவரையும் முதுமை விடுவதில்லை. நான் எழுதுவினைஞனாகக் கடமையாற்றிய காலத்தில் ஒரு கந்தோரின் ஓய்வூதியக் கிளை மேல்மாடியில் இருந்தது. அக்கட்டடத்துக்கு வருவோருள் மிக வயதானவர்களே மிக உயரத்துக்கு ஏற வேண்டியிருந்தது! அதை அமைத்தவர்களிடம் தீய எண்ணம் எதுவும் இருந்திராது. ஏறுபவரை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இனி, அடியார்கள் சிலர் கூறும் மறுப்புகளைப் பார்ப்போம்.

“அவரவர் வினைப்பயன்” என்பர் சிலர். சைவர்களாகிய நாம் வினைக்கொள்கையை மறுப்பவர்கள் அல்லர். கால் இழந்தது வினைப்பயன் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் படி யாருடைய வினைப்பயன்? அது மேசன் கட்டியது. சீமெந்துக் கணக்கும் கூலிக் கணக்கும் உள்ளது. பிறர் வினைக்குப் படி கட்டி உதவும் பொறுப்பை இறைவன் எவரிடமும் ஒப்படைக்கவில்லை.

“நம் இளைஞர்கள் தூக்கிச் செல்வார்கள்தானே, அதுவும் தொண்டுதானே” என்பர் வேறு சிலர். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. தூக்கும் கைகள் புண்ணியக் கைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தூக்கப்படுபவரின் பக்கமிருந்தும் பார்த்தல் வேண்டும். திருவிழாவிலன்று இளைஞர் கூட்டம் நிற்கும். சாதாரண வெள்ளிக்கிழமை உச்சிப் பூசையில் யார் நிற்பார்கள்? தாம் நினைத்த நேரத்தில் வந்து, தனியே நின்று இறைவனிடம் அழுதுவிட்டுப் போகும் பேறு, நடக்கக்கூடிய நம் எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் நான்கு பேரை இரந்து கேட்ட பின்னரே அவருக்கு அது கிடைக்கின்றது. கேட்கக் கூசியே வராமல் விட்டவர்கள் எத்தனை பேரோ! நாயனாரும் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஆள் தேடவில்லை, கயிறு கட்டினார்.

“ஆகமத்துக்கு முரணாகாதா, பெருஞ்செலவாகாதா” என்ற கேள்விகளும் எழும். மூலத்தானத்தையோ கோபுர வாசலையோ தொட வேண்டியதில்லை. பக்க வாசலொன்றில் சாய்வுப் பாதை அமைத்தால் போதுமானது. உலகெங்கும் பெரிதும் பின்பற்றப்படும் அளவு, ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பதாகும். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் 18 அங்குலம். பாதையின் நீளம் 18 அடி. இதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் ஏறுவது கடினம், இறங்குவது ஆபத்து. இரு பக்கமும் கைபிடி வேண்டும். மழையில் வழுக்காத தளம் வேண்டும். தெருச் சில்லு உள்ளே வரலாமா என்போருக்கு, நாம் கால் கழுவும் குழாயடியிலேயே சில்லையும் கழுவலாம். ஆலயத்துக்கென ஒரு சக்கர நாற்காலியை உள்ளே வைத்திருப்பது அதனினும் நன்று.

வீதி மணலும் ஒரு சிக்கலே. பிரதட்டை செய்யும் அடியாருக்கு மணல் வேண்டும். சில்லோ மணலிற் புதையும். ஒருவருக்காக மற்றவரை விலக்க வேண்டியதில்லை. வீதியின் வெளிப்புற ஓரமாக நாலடி அகலத்தில் கெட்டியான பாதை ஒன்று இட்டால் இருவரும் வீதி வலம் வரலாம்.

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் மூலத்தானத்தோடு நின்றுவிடாது வாகனம் ஏறி வீதிக்கு எழுந்தருளுகின்றார். உள்ளே வர இயலாதவர்களுக்கும் காட்சி கொடுப்பதற்கே என்று பெரியோர் அதற்குப் பொருள் கூறுவர். வர இயலாதவரைத் தேடி ஆண்டவனே வெளியே வருகின்றான். அவனுடைய வாசலில் மனிதர் கட்டிய படி மறித்து நிற்பது முறையாகுமா? அடுத்த கும்பாபிஷேகத் திருப்பணிப் பட்டியலில் வர்ணப்பூச்சுக்கும் மின்விளக்குக்கும் முன்னதாக இந்தப் 18 அடியைச் சேர்த்துக்கொள்ளுமாறு, திருப்பணிச் சபையினரையும் உபயகாரர்களையும் பணிவுடன் வேண்டுகின்றேன். கயிற்றைக் கட்டுவோர் பக்கம் நிற்க எல்லாம் வல்ல இறைவன் நமக்குத் திருவருள் பாலிப்பாராக.