சுவையும் அளவும்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில் 'ஆர்பெஜ்' என்னும் புகழ்பெற்ற உணவகம் ஒன்று உள்ளது. அலேன் பசார் என்னும் சமையற்கலைஞர் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வுணவகம், மிஷலின் கையேடு வழங்கும் மிக உயர்ந்த மதிப்பாகிய மூன்று நட்சத்திரங்களை 1996இல் பெற்றது. 2001இல் அவர் ஆடு, மாடு முதலியவற்றின் இறைச்சியை விலக்கினார். 2025 ஜூலையில் எஞ்சியிருந்த பறவை இறைச்சி, மீன், முட்டை, பால் பொருள்கள் ஆகியவற்றையும் நீக்கி, காய்கனிகளாலேயே விருந்து படைக்கத் தொடங்கினார். ஊனுணவைப் பெருமையாகக் கருதும் ஒரு நாட்டில் இஃது அரிய செயல் என்பதில் ஐயமில்லை.

இத்தகைய உணவகங்களில் 'டேஸ்டிங் மெனு' என்னும் முறை வழங்குகின்றது. உண்பவர் தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவதில்லை. சமையற்கலைஞர் வகுத்த வரிசைப்படி பத்து, பன்னிரண்டு உணவு வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கவளமே இருக்கும். விருந்து முடிய மூன்று மணி நேரமும் ஆகலாம். விலையோ ஓர் எளிய குடும்பத்தின் பல நாள் உணவுச் செலவுக்கு மேற்படும். இது கடல் கடந்த செய்தி மட்டுமன்று. சென்னை கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா விடுதியிலுள்ள 'ஆவர்தனா' உணவகம், நம் ரசத்தையும் பொரியலையும் இம்முறையில் 7 முதல் 13 வகைகள் கொண்ட வரிசைகளாக வழங்கியுள்ளது. அவற்றில் சைவ வரிசையும் உண்டு.

நம் இளைஞர் ஒருவர் இவ்வாறு வினவக்கூடும்: "இவ்விருந்தில் கொலை இல்லை, கள் அருந்தும் கட்டாயமும் இல்லை, பெருந்தீனியும் இல்லை. சிறிது சிறிதாக உண்பதால் இது குறைவுண்டல் என்னும் அவமோதரியத் தவத்தையே ஒத்திருக்கின்றது. சிராவகன் இதனை நுகர்வதில் குற்றம் யாது?" இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. ஆராய்ந்து விடை கூறுதலே முறை.

முதற்கண் விதியின்படி நோக்குவோம். பாரிசு உணவகத்தில் தன் கூடுகளில் எடுத்த தேன் மட்டும் நீக்கப்படவில்லை. சிராவகனின் மூலகுணங்களுள் மது, மாமிசம் ஆகியவற்றோடு தேனையும் விலக்குதல் அடங்கும். உப்பு ஓட்டினுள் வைத்துச் சுடப்படும் பீட்ரூட் அந்தச் சமையற்கலைஞரின் பெயர் பெற்ற படைப்பு. அதுவோ எண்ணற்ற உயிர்கட்கு உறைவிடமாகிய கிழங்கு. ஆயினும் இவற்றை நீக்கி நமக்கெனவே ஒரு வரிசையை ஆக்கித் தருவதும் அவர்களுக்கு அரிதன்று. இரவுண்ணாமைக்கும் வழி உண்டு. ஜூன் திங்களில் பாரிசில் ஞாயிறு மறைய ஏறத்தாழ இரவு 10 மணி ஆகிவிடும். ஆகவே விதியின் எழுத்துக்கள் அனைத்தையும் காத்துக்கொண்டே அங்கு அமர்ந்து உண்ண இயலும். அதன் பின்னரும் வினா அப்படியே நிற்கின்றது.

விடை நம் காஞ்சியோடு தொடர்புடைய ஒரு பேராசிரியரிடம் உள்ளது. சமந்தபத்திராசாரியார் அருளியதாகப் போற்றப்படும் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய விரதங்களை வகுத்துரைக்கின்றன. அவற்றுள் ஒன்று போகோபபோக பரிமாணம். ஒருமுறை நுகர்ந்ததும் தீர்ந்துபோவது போகம், உணவு அவ்வகையது. மீண்டும் மீண்டும் நுகரப்படுவது உபபோகம், ஆடை அவ்வகையது. இவ்விரண்டிற்கும் தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொள்வதே இவ்விரதம். வாழ்நாள் முழுவதற்கும் வகுத்தால் யமம். ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு திங்கள் எனக் காலம் குறித்து வகுத்தால் நியமம்.

இவ்விரதத்திற்கு ஆசாரியார் கூறும் குற்றங்கள் ஐந்து: புலனின்பமாகிய நஞ்சினைப் பொருட்படுத்தி விலகாதிருத்தல், நுகர்ந்ததையே நினைந்திருத்தல், நுகருங்கால் பேராவல் கொள்ளுதல், இனி நுகரப்போவதற்கு ஏங்குதல், நுகர்ச்சியில் மிகுதியாகத் தோய்தல். இவ்வைந்தனுள் ஒன்றேனும் உணவுப் பொருளைப் பற்றியதன்று என்பதை உற்று நோக்குக. அனைத்தும் உண்பவனின் உள்ளத்தைப் பற்றியன. இப்போது அவ்விருந்தை எண்ணிப் பாருங்கள். பல நாள் முன்னரே இடம் பதிவு செய்து காத்திருத்தல் ஏக்கம். ஒவ்வொரு தட்டையும் படம் பிடித்து வைத்துப் பின்னர் பேசி மகிழ்தல் நினைவு. மூன்று மணி நேரம் நாவின் பொருட்டே அமர்ந்திருத்தல் தோய்வு. கொலை முற்றும் நீங்கிய இலையிலும் இவ்வைந்தும் அமர இடம் உண்டு.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறலாம். அங்கு உண்போர் கவனத்தோடு உண்கின்றனர். ஒரு சிறு காயின் சுவையையும் மதித்து அறிகின்றனர். செய்தித்தாளைப் படித்துக்கொண்டே அள்ளி விழுங்கும் நம்மைவிட அவர்கள் மேலானவர் அல்லரோ? இம்மறுப்பில் உண்மை உண்டு. கவனமின்றி உண்பதை எந்த அறநூலும் புகழவில்லை. வருவதை ஏற்று உண்ணுதலும் நமக்குப் புதிதன்று. நம் முனிவர்கள் நாளொன்றுக்கு ஒருமுறை, நின்றவாறே, கைகளையே கலமாகக் கொண்டு, இல்லறத்தார் இட்டதை ஏற்கின்றனர். இன்னது வேண்டும் எனக் கேட்பதில்லை.

ஆயினும் இரண்டிற்கும் இடையே பெரிய வேறுபாடு உள்ளது. முனிவர் பொருளைத் தேர்வதில்லை; அளவைத் தாமே காக்கின்றார். முப்பத்திரண்டு கவளம் நிறைவு என்பது நூல் மரபு. அதனினும் குறைத்து உண்பதே அவமோதரியம். உணவில் ஒரு மயிரோ சிற்றுயிரோ தென்படின், அந்தராயம் எனக் கொண்டு அந்த நொடியே நிறுத்திவிடுகின்றார். விருந்தாளியோ பொருளோடு அளவையும் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகின்றார். ஐந்தாவது தட்டிலேயே பசி தீர்ந்துவிட்டாலும் பன்னிரண்டாவது தட்டு வந்தே தீரும். தட்டுகள் சிறியன என்பதால் அது குறைவுண்டல் ஆகிவிடாது. பசி நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்த இயலுமா என்பதே சோதனை.

இச்சோதனையை நம் ஆசாரியாரே கடந்தார் என்று மரபுக் கதை கூறுகின்றது. சமந்தபத்திரரைப் பஸ்மகம் என்னும் நோய் பற்றியது. எவ்வளவு உண்டாலும் சாம்பலாக்கிவிடும் அடங்காப் பசி நோய் அது. சல்லேகனைக்கு அவர் இசைவு வேண்டியபோது, அறத்திற்கு இவரால் ஆக வேண்டிய பணி மிகுதி என்று கண்ட குரு மறுத்து, முனிக்கோலத்தை நீக்கி நோய் தீர உண்டு மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார். அவ்வாறே அவர் சிவகோடி மன்னனின் சிவாலயத்தை அடைந்தார். அந்நகர் காஞ்சி என்று ஒரு வரலாறும், காசி என்று மற்றொரு வரலாறும் உரைக்கும். அங்கு நாள்தோறும் படைக்கப்பட்ட பெருந்திரளான உணவு முழுவதையும் அவர் உண்டார். நாட்கள் செல்லச் செல்ல நோய் தணிந்தது. உணவு மீதமாகத் தொடங்கியது. அம்மீதமே மன்னனுக்கு ஐயத்தை விளைவித்தது.

இக்கதையில் சுயம்பு தோத்திரமும் சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் திருவுருவம் தோன்றிய அற்புதமும் பெரிதும் பேசப்படுகின்றன. அம்மீதத்தை நாம் நினைப்பதில்லை. அரசன் அளித்த அறுசுவை அடிசில் எதிரே இருந்தது, தடுப்பார் எவருமில்லை, உண்டு தீர்த்திருந்தால் ஐயமும் எழாது. ஆயினும் நோய் கேட்ட அளவுக்கு மேல் ஒரு கவளமும் அவர் கொள்ளவில்லை. முனிக்கோலம் நீங்கியிருந்த நாட்களிலும் சுவை அவரை ஆளவில்லை. எஞ்சிய சோறே அதற்குச் சான்று.

இனி நம்மை நாமே நோக்குதல் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பாரிசு விருந்தைக் காணப்போவதில்லை. ஆனால் நம் திருமணப் பந்தியில் உண்பவரின் பசி அறியாமல் இலை நிரப்பப்படுகின்றது. இலையில் கிழங்கு விழாதபடி விழிப்பாக இருக்கும் நாம், ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்கள் மாண்டு உருவான பட்டினை உபபோகமாக அணிந்தே அப்பந்தியில் அமர்கின்றோம். நெசவாளர் வாழ வேண்டாமா எனின், வாழத்தான் வேண்டும். அதே காஞ்சித் தறியில் பருத்தியும் நெய்யலாம். பிறர் விருந்தை அளக்குமுன் நம் அளவுகோலை நேராக்கிக்கொள்வது நலம்.

அதற்குப் பெருந்தவம் வேண்டா. வரும் ஒரு திங்களுக்கு ஒரு சிறு நியமம் போதும். இலையின்முன் அமருமுன்னரே, இன்று இத்தனை வகை, இவ்வளவு உணவு என்று உள்ளத்தில் உறுதி செய்துகொள்க. சுவை மிகுந்த பண்டம் வரும் நாளில் அவ்வுறுதியைக் காத்து எழுக. குழந்தைகளுக்கும் இதனை ஒரு விளையாட்டுப் போலக் கற்பிக்கலாம். எதை உண்ணலாகாது என்பதை நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளன. எங்கே நிறுத்துவது என்பதையும் அவ்வாறே காப்போமாக.

அறம் வளர்க!